கொடுத்தாகிவிட்ட பணம், வந்து சேராத பணம்

அமெரிக்காவில் ஒரு சிறிய தமிழ்ப் பள்ளிக்குப் பொருளாளராக இருந்தபோது, பெரிய நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் போட்ட 500 டாலர் காசோலை தபாலில் வந்தது. ஏதோ கம்பெனி மனமிரங்கி அனுப்பியிருக்கிறது என்று எண்ணி, அதன் தலைமை அலுவலக முகவரிக்கே ரசீதும் நன்றிக் கடிதமும் அனுப்பினேன். பல மாதங்கள் கழித்துத்தான், காசோலையுடன் வந்த தாளை முழுக்கப் படித்தேன். கீழ்ப்பகுதியில் எங்கள் பள்ளியில் படிக்கும் குழந்தை ஒன்றின் தாத்தாவுடைய பெயர் இருந்தது. வாரந்தோறும் பேத்தியைக் கொண்டுவந்து விட்டுப் போகிறவர். அவருக்கு நாங்கள் ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பணம் வரவில்லை.

அந்தக் காசோலை வந்த வழிக்குக் கொடையாளர் பரிந்துரை நிதி என்று பெயர். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டாஃப்' என்பார்கள். அறப்பணிக்கென்றே ஒருவர் திறந்து வைக்கும் கணக்கு அது. ஃபிடெலிட்டி சாரிட்டபிள், வேன்கார்டு சாரிட்டபிள் போன்ற அமைப்புகளும், பல ஊர்களில் உள்ள சமுதாய அறக்கட்டளைகளும் இந்தக் கணக்குகளை நடத்துகின்றன. இந்த அமைப்புகளே சட்டப்படி தொண்டு நிறுவனங்கள். ஆகவே கணக்கில் பணம் போட்ட அன்றே அது தானமாகிவிடுகிறது. வரிச்சலுகையும் அந்த ஆண்டிலேயே கிடைத்துவிடுகிறது. பணம் இனி போட்டவருடையது அல்ல, திரும்பக் கேட்க முடியாது. எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று பரிந்துரைக்கும் உரிமை மட்டும் அவரிடம் இருக்கிறது. நியூயார்க் சமுதாய அறக்கட்டளை 1931-இல் தொடங்கிய ஏற்பாடு இது. 1991-இல் ஃபிடெலிட்டி உள்ளே வந்த பிறகு வேகமாகப் பரவியது. 2006-இல்தான் சட்டம் இதற்கு வரையறை எழுதியது.

2023 இறுதியில் இந்தக் கணக்குகளில் இருந்த தொகை 25,000 கோடி டாலருக்கும் மேல். அந்த ஆண்டு தொண்டு நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ 5,500 கோடி டாலர். தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் சொத்தில் சுமார் 5 சதவீதம் செலவிட்டாக வேண்டும். டாஃப் கணக்குக்குச் சட்டத்தில் அப்படிக் கெடு எதுவும் இல்லை. கொடுக்க வேண்டும் என்று ஒதுக்கிய பணம் கொடுக்கப்படாமல் வருடக்கணக்கில் கிடக்கலாம். இது எனக்கு உறுத்தலான விஷயம். ஆனால் சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

மக்கள் ஏன் டாஃபில் பணம் போடுகிறார்கள் என்று தெரிந்தால், எப்படிக் கேட்பது என்பதும் தெரியும். 10,000 டாலருக்கு வாங்கிய பங்கு பல ஆண்டுகளில் 1,00,000 டாலராகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை விற்றுத் தானம் செய்தால் லாபத்துக்கு வரி கட்ட வேண்டும். பங்காகவே டாஃப் கணக்கில் போட்டால் அந்த வரி இல்லை. பொதுவாக முழுச் சந்தை மதிப்புக்கும், வருமானத்தையொட்டிய வரம்புக்குள், வரிக்கழிவு உண்டு. சம்பளத்தோடு கம்பெனிப் பங்கும் பெறுகிற மென்பொருள் துறைக் குடும்பங்களுக்கு இது மிகவும் தோதானது. இன்னொரு காரணம், 2017 வரிச் சட்டம். எல்லோருக்கும் பொதுவான நிலைக்கழிவை அது ஏறத்தாழ இரட்டிப்பாக்கியதால், ஆண்டுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கொடுக்கிறவர்களில் பலருக்கு அதனால் தனியாக வரிப்பலன் இல்லாமல் போயிற்று. அதனால் அவர்களில் சிலர் நான்கைந்து ஆண்டுத் தானத்தை ஒரே ஆண்டில் டாஃபில் போட்டுவிட்டு, பிறகு ஆண்டுதோறும் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

ஆகவே டாஃப் வைத்திருப்பவர் கோடீசுவரர்தான் என்று நினைக்க வேண்டாம். சில நிறுவனங்களில் கணக்குத் தொடங்கக் குறைந்தபட்சத் தொகையே கிடையாது. உங்கள் அமைப்பின் பெற்றோரிலும் தன்னார்வலரிலும் சிலரிடம் இருக்கக்கூடும். அவர்களிடம் நாம் கேட்பது அவர்கள் பையிலிருந்து எடுக்க வேண்டிய பணம் அல்ல, ஏற்கெனவே எடுத்து வைத்த பணம். "உங்களுக்கு டாஃப் கணக்கு இருந்தால் எங்களைப் பரிந்துரையுங்கள்" என்ற ஒரு வரியை நன்கொடைப் படிவத்திலும், இணையதளத்திலும், ஆண்டறிக்கையிலும் போடுங்கள். அதன் கீழேயே அமைப்பின் சட்டப்பூர்வப் பெயர், ஒன்பது இலக்க வரி அடையாள எண், தபால் முகவரி. தமிழில் அழகான பெயர் வைத்துவிட்டு வரித்துறையில் வேறு பெயரில் பதிந்திருக்கிற சங்கங்கள் பல உண்டு. கொடுக்க வருகிறவர் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் விட்டுவிடுவார். பழைய செயலாளரின் வீட்டு முகவரி இன்னும் பதிவில் இருந்தால் காசோலை அங்கேதான் போகும். உடனே மாற்றுங்கள்.

டிசம்பரில் மட்டும் கேட்பதும் அவசியமில்லை. வரிச்சலுகை ஏற்கெனவே வாங்கியாயிற்று என்பதால் மார்ச்சில் கேட்டாலும் ஜூலையில் கேட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான். மாதாமாதம் தானாகவே வரும்படி பரிந்துரைக்கவும் வசதி உண்டு.

சங்கங்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் விருந்துச் சீட்டு. பொங்கல் விழா விருந்துக்கு ஆளுக்கு 100 டாலர், அதில் சாப்பாட்டின் மதிப்பு 40, மீதி நன்கொடை என்று வைக்கிறோம். "60-ஐ டாஃபிலிருந்து தருகிறேன், 40-ஐக் கையிலிருந்து தருகிறேன்" என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சொல்வார். இப்படிப் பிரிப்பதும் கூடாது என்பதே வரித்துறை 2017-இல் வெளியிட்ட அறிவிப்பில் சொன்ன நிலைப்பாடு. டாஃப் பணத்துக்குப் பதிலாகக் கொடையாளருக்குப் பொருட்படுத்தத்தக்க பலன் கிடைத்தால், அந்தப் பலனின் மதிப்பில் 125 சதவீதம் வரி விழும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஏலத்தில் எடுத்த பொருள் ஆகியவற்றுக்கும் டாஃப் பணம் ஆகாது. பிரித்துத் தர முன்வருகிறவரிடம், விருந்துக்கு முழுச் சீட்டையும் சொந்தப் பணத்தில் வாங்கச் சொல்லுங்கள்; டாஃப் கொடையை விருந்தோடு ஒட்டாமல் தனியாகக் கேளுங்கள். உறுதிமொழிப் படிவத்திலும் "தருவதாக உறுதியளிக்கிறேன்" என்பதைவிட "என் டாஃபிலிருந்து பரிந்துரைக்க எண்ணியுள்ளேன்" என்று எழுதுவது எல்லோருக்கும் பாதுகாப்பு.

பணம் வந்ததும் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தாளில் கொடையாளரின் பெயரோ, குடும்பக் கணக்கின் பெயரோ இருக்கும். பெயர் வெளியிட விரும்பாதவர்களும் உண்டு, ஆனால் குறைவு. வங்கிக்கு நேராக வரும் தொகை என்றால் விவரத்தை அதை அனுப்பிய நிறுவனத்தின் இணையக் கணக்கில் பார்க்கலாம். பெயர் தெரிந்தவருக்கு உடனே எழுதுங்கள். அது வரி ரசீதாக இருக்கக் கூடாது, ஏனெனில் வரிச்சலுகை அவருக்கு முன்பே கிடைத்துவிட்டது. நன்றியும், பணம் எதற்குப் பயன்பட்டது என்பதும் போதும். உங்கள் ஏட்டில் வரவை நிறுவனத்தின் பெயரில் எழுதினாலும், பக்கத்திலேயே அவர் பெயரையும் குறித்து வையுங்கள். அடுத்த பொருளாளருக்கு அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் எதுவும் தெரியாது.

கடைசியாக, தயங்காமல் பேச வேண்டிய ஒன்று. கணக்கு வைத்திருப்பவர் காலமான பின் மீதித் தொகை யாருக்கு என்று அவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பிள்ளைகளைத் தொடர்ந்து பரிந்துரைக்கச் சொல்லலாம், தொண்டு நிறுவனத்தின் பெயரையும் எழுதலாம், இரண்டாகவும் பிரிக்கலாம். உயிலைத் திருத்த வேண்டாம், வழக்கறிஞரைத் தேட வேண்டாம். பெரும்பாலும் கணக்குக்குள் நுழைந்து ஒரு படிவத்தை நிரப்பினால் முடிந்தது. பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறவரிடம், அடுத்த முறை நேரில் பார்க்கும்போது, இதைக் கேட்கலாம்.