பொருநைக்கரைத் தொழில்கள் – 17: நாற்பது மடிக்கணினிகளின் ஒரு நாள்

பந்தல், மைக் செட், ஜெனரேட்டர் வாடகைக்காரர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர், மடிக்கணினியை வாடகைக்கு விடுகிறவர். பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் கருத்தரங்கு, மருத்துவர்களின் மாநாடு, வங்கி ஊழியர்களுக்கான பயிற்சி, வேலைவாய்ப்பு முகாம் போன்றவைதான் இவருக்கான களம்.

2011 செப்டம்பரிலேயே மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய மாநிலம் இது. அதே ஆண்டில் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்தது. வீட்டுக்கு வீடு கணினி இருக்கும் ஊரில் வாடகைக் கணினி எதற்கு என்று கேட்கத் தோன்றும். பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது விளங்கும். ஒருவரிடம் பழைய விண்டோஸ், இன்னொருவரிடம் வைரஸ், மூன்றாமவரிடம் வேண்டிய மென்பொருளே இல்லை. ஆளுக்கொரு கணினியைச் சரிசெய்து முடிப்பதற்குள் முற்பகல் போய்விடும். நாற்பதும் ஒரே மாதிரி, ஒரே மென்பொருளோடு, சார்ஜ் ஏறிய நிலையில் மேசையில் இருக்க வேண்டும். வாடகை அதற்குத்தான்.

திருநெல்வேலியில் இந்தத் தொழிலுக்குப் பெரிய சவால் தூரம். சென்னை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். மதுரைக்கே இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். காலை ஒன்பதரைக்குக் குத்துவிளக்கு ஏற்றும் நேரத்தில் ஒரு கணினி உயிர்விட்டால், மாற்றுக் கணினி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். அதனால் நாற்பது கேட்டால் நாற்பத்து நான்கு கொண்டுவருகிறவரே நல்ல வாடகைக்காரர். அந்த நான்குக்கும் அவர் காசு கேட்டால் பேரம் பேசாதீர்கள்.

அடுத்தது கரண்ட். மடிக்கணினியின் சார்ஜர் பெரும்பாலும் 65 வாட். நாற்பதையும் ஒன்றாகச் சொருகினால் 2,600 வாட். மண்டபச் சுவரில் இருக்கும் சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1,400 வாட்டுக்கும் குறைவு. ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு மேல் பெட்டியாகக் கோத்துக்கொண்டே போனால் ஒயர் சூடேறி உருகும். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று தனித்தனி லைன்களில் பிரித்துக் கொடுக்கச் சொல்லி, மண்டபத்து எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்பதையும் தேதி குறிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

தமிழ்த்துறைக் கருத்தரங்குகளுக்கென்றே ஒரு தனித் தலைவலி உண்டு. கட்டுரையாளர் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த படக்காட்சியைப் பென் டிரைவில் கொண்டுவருவார். வாடகைக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. திரையில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த குழப்பம்தான் தெரியும். நாட்டார் வழக்காற்றியலுக்குப் பெயர்பெற்ற பாளையங்கோட்டை போன்ற ஊரில், பல ஆண்டுக் களப்பணியைப் பதினைந்து நிமிடத்தில் சொல்ல வந்தவர் அப்படி மேடையில் நிற்பது கொடுமை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி விசைப்பலகைக்குத் தரம் வந்தது. 2010இல் யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருக்கள் நம் கோப்புகளை விட்டுப் போகவில்லை. படக்காட்சியை பிடிஎஃப் ஆக மாற்றி ஒரு பிரதி கையில் வைத்துக்கொண்டால் எந்தக் கணினியிலும் எழுத்து மாறாது. அழைப்பிதழோடு சேர்த்தே அமைப்பாளர்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது நிகழ்ச்சி முடிந்த பிறகு நடப்பது. வாடகைப் பாத்திரக் கடையில் குத்துப்போணி இத்தனை, கரண்டி இத்தனை என்று நோட்டில் எழுதிக் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது எண்ணி, ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குவார்கள். அந்தப் பழக்கம் அப்படியே மடிக்கணினிக்கும் வந்துவிட்டது. நாற்பது கணினி, நாற்பது சார்ஜர், கீறல் இல்லை என்றால் கணக்கு நேர். ஆனால் பாத்திரம் கழுவிய பிறகு வெறும் பாத்திரம்தான். கணினி அப்படியில்லை.

மருத்துவர் தன் ஆய்வைக் காட்ட, நோயாளியின் ஸ்கேன் படத்தைப் பெயரோடு அதில் ஏற்றியிருப்பார். பதிவு மேசைக் கணினியில் வந்தவர்கள் அத்தனை பேரின் தொலைபேசி எண்ணும் இருக்கும். வேலைவாய்ப்பு முகாமில் பிள்ளைகளின் மதிப்பெண், ஆதார் நகல். யாரோ ஒருவர் ஜிமெயிலையோ வாட்ஸ்ஆப் வெப்பையோ மூடாமல் எழுந்து போயிருப்பார். இத்தனையும் மறுநாள் வேறொரு மண்டபத்தில், முன்பின் அறியாத ஒருவர் கைக்குப் போய்ச் சேர்கிறது.

டெலிட் செய்தால் போயிற்று என்று நம்புகிறோம். போவதில்லை. கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பைத்தான் கணினி முதலில் நீக்குகிறது. உள்ளிருக்கும் தகவலைப் பல சமயம் மீட்டுவிடலாம். இன்றைய எஸ்எஸ்டி வட்டுகளில் பழைய தகவலின் மேல் புதிதாக எழுதி மறைப்பதும் முழு உத்தரவாதம் தராது. தேய்மானத்தைப் பரவலாக்க, அந்த வட்டு தானாகவே இடம் மாற்றி மாற்றி எழுதிக்கொள்ளும். நம்பத் தகுந்தவை இரண்டு வழிகள்: வட்டுக்கென்றே இருக்கும் அழிப்புக் கட்டளையை ஓட்டுவது, அல்லது கொடுக்கும்போதே முழு வட்டையும் பிட்லாக்கர் போன்ற குறியாக்க மென்பொருளால் பூட்டி, திரும்பி வந்ததும் சாவியை அழித்துவிடுவது. இரண்டாவதில் அழிப்பது நொடி வேலை.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யாமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. தகவலைத் திரட்டுகிறவர் வேலையை வெளியாளிடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு அவருடையதுதான். ஆகவே 'அதெல்லாம் கம்ப்யூட்டர்காரர் பார்த்துக்கொள்வார்' என்று கல்லூரியோ சங்கமோ கைகழுவ முடியாது.

வாடகைச் சீட்டில் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்: எந்த முறையில் அழிக்கிறீர்கள், என்றைக்கு அழிக்கிறீர்கள், எழுதித் தருவீர்களா? தயங்காமல் எழுதிக் கொடுப்பவர் நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் அவரிடமே எடுங்கள். விழா நாளில், நன்றியுரைக்கும் நாட்டுப்பண்ணுக்கும் முன்பாகவே பத்து நிமிடம் ஒதுக்கி, கணினியில் உட்கார்ந்த ஒவ்வொருவரையும் தன் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லி மைக்கில் அறிவியுங்கள்.

(தொடரும்)