சந்திரனுக்குப் போய் வந்த பிறகு...

சந்திரனுக்குப் போய்வந்த ஒருவர் அதற்குப் பிறகு என்ன வேலை செய்வார் என்று நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? அவருக்கும் ஓர் அலுவலகம் உண்டு, மேசை உண்டு, மேலதிகாரி உண்டு. அடுத்த பயணத்தில் நம் பெயர் இருக்குமா என்ற கவலையும் உண்டு. 1969 நவம்பரில் அப்போலோ-12 விண்கலத்தில் சென்ற மூவரை எடுத்துக்கொள்வோம். பீட் கான்ராடும் ஆலன் பீனும் சந்திரனில் இறங்கி நடந்தார்கள். அவர்களுடைய நண்பர் ரிச்சர்ட் கார்டன், சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில், தாய்க்கலத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

யார் எந்தக் கலத்தில் போவது என்பதை முடிவு செய்தவர் டீக் ஸ்லேட்டன். 1959-இல் தேர்வான முதல் ஏழு வீரர்களில் அவரும் ஒருவர். இதயத் துடிப்புக் கோளாறு காரணமாக 1962-இல் அவர் பறக்கத் தடை விதிக்கப்பட்டது. தாம் பறக்க முடியாதவர், மற்றவர்களைப் பறக்க அனுப்பும் பொறுப்பில் அமர்ந்தார்!

அவர் பின்பற்றிய முறை எளிமையானது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு மாற்றுக் குழு இருக்கும். அக்குழு, அடுத்த இரண்டு பயணங்களை விட்டு மூன்றாவதில் செல்லும். ஆனால் வரிசையில் இடம் கிடைப்பதுதான் கடினம். பீனைத் தம் குழுவில் சேர்க்கும்படி கான்ராட் கேட்டபோது ஸ்லேட்டன் இணங்கவில்லை. 1967 அக்டோபரில், அக்குழுவிலிருந்த கிளிஃப்டன் வில்லியம்ஸ் விமான விபத்தில் இறந்தார். கான்ராட் மறுபடியும் கேட்டார். பீனுக்கு இடம் கிடைத்தது. அப்போலோ-12 சின்னத்தில் நான்கு விண்மீன்கள் இருக்கும். நான்காவது வில்லியம்சுக்காக.

கார்டனின் கணக்கும் இந்த வரிசையைப் பொறுத்ததே. அப்போலோ-15-இன் மாற்றுக் குழுவுக்கு அவர் தலைவர். ஆகவே அப்போலோ-18-இல் அவர் சந்திரனில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் 1970-இல், பணம் குறைந்ததால், கடைசிப் பயணங்கள் கைவிடப்பட்டன. 17-ஆம் பயணமே இறுதி என்றாயிற்று. நிலவியல் அறிஞர் ஒருவராவது போக வேண்டும் என்று விஞ்ஞானிகள் வற்புறுத்தினார்கள். அத்தகைய அறிஞரான ஹாரிசன் ஷ்மிட், கார்டனின் குழுவில்தான் இருந்தார். அப்படியானால் தம் குழு முழுவதையுமே அனுப்பலாமே என்று கார்டன் நம்பினார். 1971-இல் வந்த முடிவு வேறு. வரிசைப்படி இருந்த குழுவே நீடித்தது. அதிலிருந்து ஜோ எங்கிள் மட்டும் விலக்கப்பட்டு, ஷ்மிட் சேர்க்கப்பட்டார். எங்கிள் பத்தாண்டுகள் காத்திருந்து, 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்தில் சென்றார். கார்டன் காத்திருக்கவில்லை. 1972 ஜனவரியில் விலகி, நியூ ஆர்லியன்ஸ் நகரத்து அமெரிக்கக் கால்பந்துக் குழு ஒன்றின் நிர்வாகியானார். அவர்மேல் குறை சொல்ல முடியுமா?

கான்ராட் 1973-இல் ஸ்கைலாப் நிலையத்தில் 28 நாட்கள் இருந்தார். பிறகு முதலில் கேபிள் தொலைக்காட்சித் தொழிலுக்கும், அடுத்து விமான உற்பத்தி நிறுவனம் ஒன்றுக்கும் போனார்.

மூவரில் வியப்பானவர் பீன்தான். அதே ஆண்டு ஸ்கைலாபில் அவர் 59 நாட்கள் தங்கினார். பின்னர் விண்ணோடத்துக்கான புதியவர்களைப் பயிற்றுவித்தார். தாமும் அதில் பறக்கலாம் என்ற நிலையில், 1981-இல், தம் 49-ஆம் வயதில், வேலையை விட்டுவிட்டு ஓவியரானார்! சக வீரர்கள் பலருக்கு இது புரியவில்லை. அவருடைய வாதம் இதுதான்: விண்ணோடத்தை ஓட்ட இளைஞர்கள் இருக்கிறார்கள், ஆனால் சந்திரனை நேரில் கண்டு தீட்டக்கூடிய ஓவியர் வேறு யார் இருக்கிறார்? சந்திரனில் பயன்படுத்திய சுத்தியலாலும், விண்வெளிக் காலணியின் அச்சாலும் சாயப் பரப்பில் தடம் பதித்தார். தம் உடையின் சின்னத் துணிகளில் ஒட்டியிருந்த சந்திரத் தூசியையும் வண்ணத்தில் கலந்தார்.

2018-இல் மறையும் வரை அவர் தீட்டியவை பெரும்பாலும் நடந்த நிகழ்ச்சிகளே. ஒரு படமோ நடக்காதது. அதில் கான்ராடும் பீனும் கார்டனும் மூவருமாகச் சேர்ந்து சந்திரனில் நிற்கிறார்கள்.