ரிச்சர்ட்ஸ் டவுன் அடுப்பில் பருவத்துக்கொரு சூப்

பெங்களூரில் எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில் சூப் குடிக்க மார்கழி வரை காத்திருக்க வேண்டாம். ஆடித் தூறலுக்கே தொண்டை கரகரத்துவிடும். அதற்கு ஆங்கிலோ இந்திய வீடுகளின் பெப்பர் வாட்டர் போதும். நம் ரசத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. நெல்லிக்காயளவு புளி, இரண்டு தக்காளி, தட்டிய மிளகு, சீரகம், நான்கு பல் பூண்டு, மூன்று டம்ளர் தண்ணீர். நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். கொதிக்க விட்டால் வாசம் போய்விடும்.

குளிர்காலம் அவரைக்காய்க்கு உரியது. கன்னடர்கள் அப்படிச் சொல்லும் பச்சை மொச்சையை இஞ்சி, வெங்காயத்தோடு வேகவைத்து, பாதியை மசித்துக் கலந்தால் சூப் தானே கெட்டிப்படும். சோள மாவு எதற்கு? ஆனால் குக்கரில்தான் வேகவைக்க வேண்டும். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பும் பயறும் மெதுவாகத்தான் வேகும்.

கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கர்நாடக வீடுகளில் பருப்பும் கீரையும் வெந்த நீரை வடித்து பஸ்ஸாரு வைக்கிறார்கள்; வடித்ததில் பொரியல். ஒரே அடுப்பில் இரண்டு வேலை. அந்த நீரில் வதக்கிய வெங்காயமும் மிளகுத்தூளும் சேர்த்தால் எந்த மாதத்துக்கும் சூப் தயார்.

கோடைக்குச் சுரைக்காயும் பாசிப்பருப்பும். குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, ஆறவிட்டே குடிக்கலாம். எலுமிச்சையை மட்டும் அடுப்பை அணைத்தபின் பிழியுங்கள், கொதித்தால் கசக்கும்.