ஸ்லைஸ் (குழிப்பந்தாட்டம்)

ஸ்லைஸ் என்பது குழிப்பந்தாட்டத்தில், அதாவது கோல்ஃப் ஆட்டத்தில், அடிக்கப்பட்ட பந்து காற்றில் பறக்கும்போதே ஆட்டக்காரர் விரும்பாத வகையில் வலப்பக்கமாக வளைந்து செல்லும் பிழையாகும். இடக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கமாக வளையும். இக்கட்டுரையில் உள்ள விளக்கங்கள் வலக்கை ஆட்டக்காரருக்கு உரியவை. இடக்கை ஆட்டக்காரர்கள் வலம், இடம் என்பவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.

புதிதாக ஆடுபவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை இது. நெடுந்தூரம் அடிக்கப் பயன்படும் டிரைவர் மட்டையில்தான் இது பெரிதாக வெளிப்படும். பந்து எல்லைக்கு வெளியே போய்விட்டால் ஒரு தண்டனை அடியைச் சேர்த்துக்கொண்டு பழைய இடத்திலிருந்தே மீண்டும் அடிக்க வேண்டும். தொலைந்த பந்துக்கும் இதே விதி. 2019 முதல் தேடுவதற்கு மூன்று நிமிடங்கள் மட்டுமே தரப்படுகின்றன.

பந்து வலப்புறம் போகிறதே என்று இடப்புறமாகத் திரும்பி நின்று அடிப்பதே பெரும்பாலோர் செய்யும் முதல் திருத்தம். அது பிழையைக் குறைப்பதில்லை, பெரும்பாலும் கூட்டுகிறது. அதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் திருத்துவது எளிதாகும்.

பந்து வளைவதற்கான காரணம்

மட்டையின் முகம் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே பறக்கிறது. இச்சுழற்சி காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அதன் எதிர்விசை பந்தை மேலே தூக்குகிறது. செருமானிய இயற்பியலாளர் மேக்னஸ் 1852-இல் விளக்கியதால் இது மேக்னஸ் விளைவு எனப்படுகிறது. சுழற்பந்து வீச்சாளரின் பந்து தரையைத் தொடும் முன்பே காற்றில் சற்று விலகுவதற்கும் இதுவே காரணம்.

சுழலும் அச்சு தரைக்கு இணையாக இருந்தால் பந்து நேராக எழும்பும். அச்சு வலப்பக்கமாகச் சாய்ந்தால் தூக்கும் விசையும் வலப்பக்கம் சாயும், பந்து வளையும்.

அச்சைச் சாய்ப்பது எது? இரண்டு திசைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. ஒன்று, பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசை. மற்றொன்று, அக்கணத்தில் மட்டை செல்லும் பாதையின் திசை. பாதையைவிட முகம் வலப்புறமாகத் திறந்திருந்தால் பந்து வலப்புறம் வளையும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வளையாது.

பந்து புறப்படும் திசையை மட்டையின் பாதை தீர்மானிக்கிறது, வளைவை முகம் தீர்மானிக்கிறது என்று முன்பு பல காலம் கற்பிக்கப்பட்டது. பந்தின் பறப்பை அளக்கும் ரேடார் கருவிகள் வந்தபின் இது தவறு என்பது தெளிவானது. பந்து பெரும்பாலும் முகம் பார்க்கும் திசையில்தான் புறப்படுகிறது. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடே வளைவைத் தீர்மானிக்கிறது.

இடப்புறம் குறிவைப்பது ஏன் உதவாது

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவரின் மட்டை இலக்குக்கு 6 பாகை இடப்புறமாகச் செல்கிறது. முகம் 2 பாகை இடப்புறம் பார்க்கிறது. வேறுபாடு 4 பாகை. பந்து சற்று இடப்புறம் புறப்பட்டு வலப்புறம் வளையும்.

அவர் இன்னும் இடப்புறமாகத் திரும்பி நிற்கிறார். பாதை இப்போது 10 பாகை இடப்புறம் ஆகிறது. ஆனால் பந்து இலக்கை நோக்கிப் போக வேண்டும் என்ற எண்ணத்தில் கைகள் முகத்தை இலக்கின் பக்கமே வைத்துக்கொள்கின்றன. வேறுபாடு 10 பாகையாகிறது. பந்து முன்பைவிட அதிகமாக வளைகிறது. அதைக் கண்டு அவர் மேலும் இடப்புறம் திரும்புகிறார். இப்படித்தான் பிழை வழக்கமாகிவிடுகிறது.

டிரைவரில் பிழை பெரிதாகத் தெரிவது ஏன்

டிரைவர் முகத்தின் மேல்நோக்கிய சாய்வு பொதுவாக 8 முதல் 12 பாகை வரையே இருக்கும். குறுந்தூர இரும்பு மட்டைகளில் இது 40 பாகைக்கு மேலும் இருக்கும். சாய்வு குறைந்தால் பின்சுழற்சி குறையும். அப்போது சிறிய பக்க வேறுபாடும் அச்சை அதிகமாகச் சாய்த்துவிடும். மேற்சொன்ன 4 பாகை வேறுபாடு, குறுந்தூர இரும்பு மட்டையில் அச்சைத் தோராயமாக 6 பாகையே சாய்க்கும். டிரைவரில் ஏறத்தாழ 18 பாகை சாய்க்கும். டிரைவரின் நீளமும் வேகமும் மிகுதி. ஆகவே, இரும்பு மட்டையில் நேராக அடிப்பவர் டிரைவரில் மட்டும் ஸ்லைஸ் அடித்தால் அவர் வேறு பிழை செய்கிறார் என்று பொருளல்ல. முன்பே இருந்த பிழைதான் பெரிதாகத் தெரிகிறது.

பிழையைக் கண்டறிதல்

திருத்தத் தொடங்கும் முன் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

1. பந்து எத்திசையில் புறப்படுகிறது? அதுவே முகம் பார்த்த திசை.
2. பிறகு எப்பக்கம் வளைகிறது? வலப்புறம் என்றால் பாதை முகத்துக்கு இடப்புறமாக இருந்திருக்கிறது.
3. பந்து முகத்தின் எப்பகுதியில் பட்டது? வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் பேனாவால் பந்தின் பின்புறம் ஒரு புள்ளி வைத்து அடித்தால், அப்புள்ளி மட்டை முகத்தில் பதியும்.

மூன்றாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகின்றனர். தண்டுக்கு அருகிலுள்ள குதிகால் பகுதியில் பந்து பட்டால், மட்டைத் தலை ஒரு பக்கமும் பந்து எதிர்ப்பக்கமும் பற்சக்கரங்களைப் போலத் திரும்பும். அதனால் வீச்சு சரியாக இருந்தாலும் ஸ்லைஸ் உண்டாகும். இவர்கள் பந்தைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதைச் சரிபார்த்து, முகத்தின் நடுவில் அடிக்கப் பழகினாலே வளைவு குறையும்.

திருத்தும் முறை

முதலில் முகம், பிறகு பாதை என்ற வரிசையே ஏற்றது. முகம் திறந்திருக்கும்போது பாதையை மட்டும் மாற்றினால் பந்து வலப்புறம் புறப்பட்டு அப்படியே வலப்புறம் போய்விடும்.

பிடி: இடக்கையால் மட்டையைப் பிடித்து மேலிருந்து பார்க்கும்போது குறைந்தது இரண்டு விரல் முட்டிகள் தெரிய வேண்டும், ஸ்லைஸ் அடிப்பவர்களுக்கு மூன்று தெரிந்தாலும் நல்லது. இரு கைகளிலும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலான கோடு வலத் தோளை நோக்க வேண்டும். மட்டையை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு திரும்பாது.

சிறுவயது முதல் கிரிக்கெட் ஆடியவர்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். நேராக அடிக்கும்போது மட்டையின் முழு முகத்தையும் காட்டி, மணிக்கட்டைத் திருப்பாமல் வைப்பது கிரிக்கெட்டில் நல்ல பழக்கம். குழிப்பந்தாட்டத்தில் பின்வீச்சின்போது முகம் இயல்பாகத் திறக்கும். முன்கைகள் திரும்பினால்தான் பந்துக்கு வரும்போது அது மூடும்.

நிலை: பந்து இடக்கால் குதிகாலின் உட்புறத்துக்கு நேராக இருக்க வேண்டும். அதைவிட முன்னே இருந்தால் தோள்கள் இடப்புறம் திரும்பிக்கொள்ளும். பாதங்களைவிடத் தோள்களின் திசை முக்கியமானது. டீயின் மேல் வைத்த பந்தில் ஏறத்தாழப் பாதி, மட்டைத் தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும்.

பாதை: கீழ்வீச்சை வலத் தோளால் தொடங்கினால் மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இடுப்பு முதலில் திரும்ப, கைகள் பின்தொடர வேண்டும். இதற்கு எளிய பயிற்சி: பந்துக்கு ஒரு சாண் பின்னால், உடலிலிருந்து சற்று வெளிப்புறமாக, சுருட்டிய துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, துண்டைத் தொடாமல் அரை வேகத்தில் அடிக்க வேண்டும். வேகத்தைக் கடைசியில் கூட்டினால் போதும்.

முகம் சரியாகி, பாதை இன்னும் சரியாகாத நாட்களில் பந்து வளையாமல் நேராக இடப்புறம் செல்லும். பலர் இதைப் புதிய பிழை என்று கருதிப் பழைய பிடிக்குத் திரும்பிவிடுகின்றனர். உண்மையில் இது முன்னேற்றத்தின் அடையாளம். பாதையைச் சரிசெய்தால் இதுவும் மறையும்.

ஸ்லைஸைக் குறைக்கும் வகையில் எடை அமைந்த டிரைவர்களும் விற்பனையில் உள்ளன. அவை வளைவைக் குறைக்குமே தவிர வீச்சின் பாதையை மாற்றுவதில்லை.

மதுரைச் சமவெளியும் கொடைக்கானலும்

தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், உதகமண்டலம், குன்னூரை அடுத்த வெலிங்டன், கொடைக்கானல் ஆகிய இடங்களில் குழிப்பந்தாட்டத் திடல்கள் உள்ளன. மதுரை வட்டாரத்தினருக்கு மலைமேல் உள்ள கொடைக்கானல் கோல்ஃப் கிளப் நன்கு அறிமுகமானது; அது 1895-இல் தொடங்கப்பட்டது.

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மதுரையின் வெயிலையும் மலையின் குளிரையும் கணக்கில் கொண்டாலும், அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிடத் தோராயமாக ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் பந்தைத் தடுக்கும் விசையும் வளைக்கும் விசையும் குறையும். எனவே மலையில் அளவாக வளைந்த பந்து சமவெளியில் சற்றுக் கூடுதலாக வளையும். கொடைக்கானலில் பந்து நேராகப் போனதை வைத்துப் பிழை தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றும் கவனிக்கத்தக்கது. வடக்கு நோக்கி அடிப்பவருக்கு அது இடப்புறமிருந்து வந்து ஸ்லைஸை மேலும் தள்ளும். தெற்கு நோக்கி அடிப்பவருக்கு வலப்புறமிருந்து வந்து வளைவை மறைக்கும். மேற்கு நோக்கி அடித்தால் எதிர்க்காற்று வளைவைப் பெருக்கும். ஆகவே சோதனை அடிகளைக் காற்று அடங்கிய காலை வேளையில் அடிப்பது நல்லது.

பாதுகாப்பு

டிரைவரால் அடித்த பந்து மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் புறப்படக்கூடும். ஸ்லைஸ் அடிப்பவரால் அது எங்கே இறங்கும் என்று சொல்ல இயலாது. காய்ந்த கண்மாயோ தரிசு நிலமோ ஆளில்லாததுபோல் தோன்றினாலும், ஆடு மேய்ப்பவர்களும் குறுக்கு வழியில் நடப்பவர்களும் அங்கே இருக்கலாம். எனவே பயிற்சித் திடல் இல்லாத இடங்களில் வலைக்குள் மட்டுமே உண்மையான பந்தை அடிக்க வேண்டும். திறந்த வெளியில் துளையிட்ட பிளாஸ்டிக் பந்து அல்லது நுரைப் பந்தைப் பயன்படுத்தலாம். திடலில் பந்து பிறரை நோக்கி வளைந்தால் உடனே "ஃபோர்" என்று உரக்கக் கத்தி எச்சரிப்பது ஆட்ட மரபு.

ஃபேடும் ஸ்லைஸும்

வலப்புறம் வளையும் பந்து எல்லாம் பிழையல்ல. வேண்டுமென்றே சிறிதளவு வலப்புறம் வளைத்து அடிப்பது ஃபேட் எனப்படும். அமெரிக்க ஆட்டக்காரர்களான பென் ஹோகன், ஜாக் நிக்லஸ் ஆகியோர் இதனைத் திறம்படப் பயன்படுத்தியவர்கள். இரண்டிலும் முகத்துக்கும் பாதைக்கும் வேறுபாடு உண்டு. ஃபேடில் அவ்வேறுபாடு சிறியது. எவ்வளவு என்பது அடிப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். ஸ்லைஸ் அடிப்பவருக்கு அது தெரிவதில்லை.