பெயரும் புள்ளியும்

2005-ஆம் ஆண்டு, அக்டோபர் 8. சனிக்கிழமை. ஆப்பிரிக்கா கண்டம் முழுவதும் ரேடியோவும் டி.வி.யும் அலறிக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் உலகக் கோப்பை கால்பந்துப் போட்டி. அதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து எந்த நாடுகள் போகும்? அன்று தெரிந்துவிடும்.

ஊரில் தேர்தல் வந்தால் டீக்கடையில் பேச்சு நடக்கும். யார் ஜெயிப்பார் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கால்பந்திலும் அப்படித்தான். கேமரூன் போகும், நைஜீரியா போகும், செனகல் போகும் என்று பலரும் முன்பே சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கேமரூன் அதற்கு முன் நான்கு உலகக் கோப்பைகளில் விடாமல் ஆடிய நாடு. நைஜீரியா மூன்று முறை விடாமல் ஆடியது. செனகல் 2002-இல் முதன் முதலாகப் போனது. போன முதல் ஆட்டத்திலேயே, அப்போது உலகக் கோப்பையைக் கையில் வைத்திருந்த பிரான்சைத் தோற்கடித்தது. இப்படிப்பட்ட அணிகளை யார்தான் விட்டுவிடுவார்கள்?

ஆனால் உலகக் கோப்பைக்குப் பெயரைப் பார்த்து அனுப்புவதில்லை. புள்ளியைப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

அந்தக் கணக்கு எளிது. முதல் சுற்று முடிந்தபின் 30 நாடுகள் மீதி இருந்தன. அவற்றை ஐந்து பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் ஆறு நாடுகள். ஒவ்வொரு நாடும் மற்ற ஐந்து நாடுகளுடன் இரண்டு முறை ஆட வேண்டும். ஒருமுறை சொந்த நாட்டில், ஒருமுறை எதிரியின் நாட்டில். ஆக மொத்தம் 10 ஆட்டம். வென்றால் 3 புள்ளி. சமமாக முடிந்தால் 1 புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை. பிரிவில் முதலில் வரும் நாடு மட்டும் உலகக் கோப்பைக்குப் போகும். இரண்டாவது வந்தவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கேமரூன் இருந்த பிரிவில்தான் ஐவரி கோஸ்ட் நாடும் இருந்தது. இரண்டும் இரண்டு முறை மோதின. இரண்டு முறையும் கேமரூன்தான் வென்றது. கடைசி நாளன்று கேமரூனுக்கு 20 புள்ளி, ஐவரி கோஸ்டுக்கு 19 புள்ளி. கேமரூன் தன் நாட்டில் எகிப்துடன் ஆடியது. எகிப்து ஏற்கெனவே போட்டியிலிருந்து வெளியேறிவிட்ட அணி. ஐவரி கோஸ்ட் சூடானுக்குப் போய் ஆடியது.

நீங்களே கூட்டிப் பாருங்கள். கேமரூன் வென்றால் 23 புள்ளி. பிறகு யாரும் எட்ட முடியாது. சமமாக முடிந்தால் 21. ஐவரி கோஸ்ட் வென்றால் 22.

ஐவரி கோஸ்ட் சூடானில் 3-1 என்று வென்றுவிட்டது. கேமரூன் ஆட்டம் 1-1 என்று நின்றது. ஆட்ட நேரம் முடிந்து, கூடுதல் நிமிடங்கள் ஓடின. அப்போது கேமரூனுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பெனால்டி என்றால், பந்தை 12 கஜ தூரத்தில் வைத்து உதைக்கலாம். எதிரே கோல் காப்பவர் ஒருவர் மட்டும் நிற்பார். பியேர் வோமே என்ற வீரர் உதைத்தார். பந்து கம்பத்தில் பட்டு விலகியது. அவ்வளவுதான். ஐவரி கோஸ்ட் முதன் முதலாக உலகக் கோப்பைக்குள் நுழைந்தது.

கேமரூன் மக்களின் கோபம் முழுவதும் வோமே மேல் விழுந்தது. இது நியாயமா? அதே கேமரூன் முன்னால் லிபியாவுடனும் சூடானுடனும் ஆடி, வெல்லாமல் சமமாக முடித்திருந்தது. அங்கே நான்கு புள்ளி போனது. அதை யாரும் பேசவில்லை. கடைசியில் நடந்தது மட்டுமே கண்ணில் நின்றது.

அன்று ஐவரி கோஸ்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 2002 முதல் நாடு வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வென்ற வீரர்களில் வடக்கத்தியாரும் உண்டு, தெற்கத்தியாரும் உண்டு. உடை மாற்றும் அறையிலேயே டிடியே ட்ரோக்பா என்ற வீரர் மைக்கைக் கையில் வாங்கினார். எல்லோரும் மண்டியிட்டார்கள். ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்று தம் மக்களைக் கெஞ்சிக் கேட்டார் ட்ரோக்பா. அதனால் மறுநாளே போர் நின்றுவிட்டது என்று சிலர் கதை சொல்வார்கள். அது சரியல்ல. சமாதான ஒப்பந்தம் 2007-இல்தான் வந்தது. 2010-இல் தேர்தலுக்குப் பிறகு மறுபடியும் சண்டை மூண்டது. ஆனாலும் ட்ரோக்பாவின் அந்தச் சொற்களை மக்கள் மறக்கவில்லை.

நைஜீரியாவின் கதை வேறு. அன்று அது 5-1 என்று பெரிய வெற்றி பெற்றது. அங்கோலாவோ தன் பிரிவில் கடைசியில் இருந்த ருவாண்டாவை ஒரே ஒரு கோலில்தான் வென்றது. அதுவும் 79-ஆவது நிமிடத்தில். இப்போது இரண்டு நாட்டுக்கும் 21 புள்ளி. கோல் கணக்கில் நைஜீரியாதான் மேல். ஆனால் விதி என்ன சொன்னது? புள்ளி சமமானால், அந்த இருவரும் நேருக்கு நேர் மோதியதைப் பார்க்க வேண்டும். அங்கோலா தன் நாட்டில் நைஜீரியாவை 1-0 என்று வென்றிருந்தது. நைஜீரியாவில் ஆடியபோது 1-1. ஆகவே அங்கோலா போனது. 27 ஆண்டுப் போர் முடிந்து அந்த நாட்டுக்கு அப்போது மூன்றே ஆண்டு.

செனகலை டோகோ முந்தியது. கானா, கேப் வெர்டே தீவுகளின் தலைநகரான பிராயாவுக்குப் போய் 4-0 என்று வென்று தன் இடத்தைப் பிடித்தது. 2002-இல் போன ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் துனீசியா மட்டுமே திரும்பவும் போனது. மற்ற நான்கும் புதியவை.

கானா அன்று தோற்கடித்த கேப் வெர்டே மிகச் சிறிய நாடு. மக்கள் தொகை சுமார் 5 லட்சம்தான். 2026 உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேராகப் போகும் நாடுகளின் எண்ணிக்கையை 9 ஆக்கினார்கள். கேப் வெர்டே இருந்த பிரிவில் கேமரூனும் இருந்தது. போகப் போவது யார் என்று கேட்டால், பலரும் கேமரூனைத்தான் சொல்லியிருப்பார்கள். 2025 அக்டோபர் 13 அன்று, அதே பிராயா நகரத்தில், கேப் வெர்டே 3-0 என்று எஸ்வாட்டினி நாட்டை வென்றது. மொத்தம் 23 புள்ளி. கேமரூனுக்கு 19.