புளியும் கம்பளியும்

கலவை வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதைச் சுற்றி மூன்று தலைமுறைப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தாயார் சாம்பார்ப் பொடியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். பேத்தியோ, அவர்கள் உள்ளே வைப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்து மூணு கிலோவுக்கு மேல ஏத்த மாட்டாங்க, ஆயா!"

"புளி என்னடி கனம் கனத்துடப் போவுது? கொட்டையெல்லாம் எடுத்துட்டேன் இல்ல?"

நண்பர் ஒருவருடைய அக்காள் வீடு அது. ஆற்காட்டில் பஸ் மாறி அங்கே போய்ச் சேர்ந்தேன். கலவை சின்ன ஊர்தான். ஆனால் வீட்டைப் பிரிந்து போகிற சங்கதி அதற்குப் புதியதல்ல. காஞ்சி மடத்தின் 66-வது, 67-வது பீடாதிபதிகள் 1907-ல் அடுத்தடுத்துச் சித்தியடைந்தது இங்கேதான். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டை விட்டு வந்து 68-வது பீடாதிபதியானதும் இங்கேதான். இப்போது இந்த ஊர்ப் பிள்ளைகள் வேறு காரியங்களுக்காகப் பிரிகிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள், சென்னைக்குப் போகிறார்கள், சிலர் கடல் தாண்டியும் போகிறார்கள்.

இந்தப் பெண்ணின் தகப்பனாருக்கு ராணிப்பேட்டையில் ஒரு ஷூ தொழிற்சாலையில் கணக்கு எழுதும் வேலை. பெண் சிறு வயதிலிருந்தே அங்கே வெட்டிப் போட்ட தோல் துண்டுகளை வைத்துக்கொண்டு விளையாடியவள். இப்போது காலணி வடிவமைப்புப் படிக்க லண்டனுக்குப் போகிறாள். அடுத்த வாரம் விமானம். வீட்டுப் பத்திரம் பாங்கியில் இருக்கிறது. அதன்மேல் வாங்கிய கடனில்தான் படிப்பு.

பெண் நல்ல சூட்டிகை. ஆனால் அவளுடைய தாயார் என்னிடம் தனியாக ஒரு விஷயம் சொன்னார். சென்னையில் விசா ஆபீசுக்குப் போனபோது, தவறான வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறாள். பக்கத்தில் இருந்தவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

"கேக்க வெக்கம் சார், இவளுக்கு. வாய் செத்த பொண்ணு இல்ல. வீட்டுல நல்லாப் பேசுவா. வெளியில யாரையும் ஒண்ணு கேக்க மாட்டா. அங்க போய் என்ன பண்ணப் போறாளோ!"

அந்தத் தாயின் கவலை எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. கொட்டை எடுத்த புளியைப் பார்த்ததிலிருந்தே எனக்கு வேறொருவருடைய ஞாபகம் வந்துகொண்டிருந்தது. அவரும் கேட்கத் தெரியாத மனிதர்தாம்.

கும்பகோணத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

கணித மேதை ராமானுஜன் 1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் 'நெவாசா' என்ற கப்பலில் ஏறினார். வயது இருபத்தாறு. கப்பல் ஏறுவதற்குச் சில நாட்கள் முன்பே தாயார் கோமளத்தம்மாளையும் மனைவி ஜானகியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். குடுமியை எடுத்துக் கிராப் வைத்து, கால்சட்டை மாட்டிய கோலத்தில் அவர்கள் தம்மைப் பார்க்க வேண்டாம் என்ற எண்ணந்தான். ஜானகி தாமும் கூட வருவதாகச் சொல்லிப் பார்த்தார், ராமானுஜன் சம்மதிக்கவில்லை.

ஏப்ரல் 14-ந் தேதி, நம் சித்திரை பிறக்கிற வேளையில், கப்பல் லண்டன் போய்ச் சேர்ந்தது. நெவில் என்ற கணித ஆசிரியர் மோட்டாரோடு வந்து காத்திருந்து அழைத்துப் போனார். முதல் சில நாட்கள் குரோம்வெல் ரோட்டில் 21-ம் எண் வீட்டில் வாசம். புதிதாக வரும் இந்திய மாணவர்கள் தங்குவதற்கென்றே ஏற்பட்ட இடம் அது. அதன்பிறகு கேம்பிரிட்ஜில் நெவில் தம்பதிகளின் வீட்டில் ஏறக்குறைய இரண்டு மாதம். ஜூன் மாதத்தில் டிரினிடி கல்லூரி அறை.

அந்த முதல் நாட்களில் ராமானுஜனுக்கு இருந்த கஷ்டங்கள் பெரியவை அல்ல என்று நெவில் பிற்பாடு சொல்லியிருக்கிறார். பழக்கமில்லாத காய்கறிகள், அதைவிட, ஷூ. இருபத்தாறு வருஷம் கட்டுப்பாடில்லாமல் இருந்த கால்களை அந்தத் தோல் பெட்டிக்குள் அடைப்பது அவருக்குப் பெரும் வேதனையாக இருந்திருக்கிறது.

இதை நான் சொன்னதும் நம் கலவைப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது ஷூவோட தப்பில்லை சார். வெறுங்காலோட நடந்து பழகின காலுக்கு முன்பக்கம் அகலமா இருக்கும். அதுக்குத் தகுந்த அச்சுல தைச்சிருந்தா ஒண்ணும் கடிச்சிருக்காது. அவர் கடைக்காரரைக் கேட்டிருக்கலாமே!"

"கேட்கவில்லையே, அதுதானே கதை!" என்றேன்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவர் கேட்டார். சுத்த சைவம்; கல்லூரிச் சமையலறையை நம்பாமல், அறையில் தாமே சமைத்துக்கொண்டார். சென்னையிலுள்ள சிநேகிதருக்குக் கடிதம் எழுதி, புளியும் நல்ல தேங்காய் எண்ணெயும் பார்சலில் அனுப்பச் சொன்னார். புளியைக் கொட்டை எடுத்து அனுப்பும்படி!

பாட்டியின் முகத்தில் அப்போது வந்த வெற்றிப் புன்னகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பேத்தி வெளியே எடுத்து வைத்த புளிப் பொட்டலம் மறுபடியும் பெட்டிக்குள் போயிற்று.

கட்டிலின் ரகசியம்

ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்து முதல் உலக யுத்தத்தில் இறங்கியது. தாயார் பயப்படுவாரே என்று ராமானுஜன் கும்பகோணத்துக்குக் கடிதம் எழுதினார். இந்த நாட்டில் யுத்தமே இல்லை. பக்கத்து நாட்டில்தான் நடக்கிறது. அது இங்கிருந்து, சென்னையிலிருந்து ரங்கூன் இருக்கிற தூரம் என்று கணக்குச் சொன்னார். கணக்கில் புலி, ஆனால் இந்தக் கணக்கு மட்டும் தாயின் மனசுக்காகப் போட்ட கணக்கு. பிரான்ஸ் தேசம் அங்கிருந்து அவ்வளவு தூரமில்லை.

பிறகு குளிர்காலம் வந்தது. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மஹலநோபிஸ் ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனார். பின்னாளில் நம் நாட்டில் புள்ளியியல் கழகம் கண்ட அதே மஹலநோபிஸ்தான். ராமானுஜன் கணப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். "இரவில் குளிராமல் தூங்குகிறீர்களா?" என்று விசாரித்தார் வந்தவர். குளிர்கிறது, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்று பதில் வந்தது. கம்பளி போதவில்லையோ என்று மஹலநோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் வேண்டிய அளவு கம்பளிகள் இருந்தன. ஆனால் அந்நாட்டு வழக்கப்படி அவற்றை மெத்தையின் அடியில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் போட்டிருந்தார்கள். விரிப்பை விலக்கி, கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அத்தனை கம்பளிக்கும் மேலே படுத்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்! எப்படி உள்ளே படுப்பது என்று மஹலநோபிஸ் காட்டிக் கொடுத்தார்.

கூடத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. பாட்டிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அடப் பாவமே! கட்டில் மேலயே கம்பளி இருக்குது. புள்ளை குளிர்ல கெடந்திருக்குது. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

உலகமே வியந்த மூளை அது. 1918-ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிக்கொண்டது. எண்களிடம் அவர் கேட்காத கேள்வி இல்லை. மனிதர்களிடம் ஒரு கேள்வி கேட்கத்தான் கூச்சம். 1917-ல் நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாறினார். 1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது முப்பத்திரண்டுதான். காசம் என்று அக்காலத்து வைத்தியர்கள் எண்ணினார்கள். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்த வைத்தியர் ஒருவர் கருதினார். ஆகவே குளிர்தான் அவரைக் கொண்டுபோயிற்று என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் சரியான சாப்பாடில்லாமல், வாய்விட்டுச் சொல்ல மனிதரில்லாமல் இருந்த தனிமை அவருக்கு நன்மை செய்திருக்காது என்பதை எந்தத் தாயும் அறிவாள்.

பத்திரிகை படித்த தாய்

இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அதை எல்லாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

ராமானுஜன் மறைந்த செய்தி பத்திரிகையில் வந்தபோது, ஒரு தாய் அதைப் படித்துவிட்டுத் தம் மகனிடம் சொன்னார். இங்கிலாந்துக்குப் போய்ப் பெரும் புகழ் பெற்ற ஒரு கணித மேதை, திரும்பி வந்த கொஞ்ச நாளிலேயே காலமாகிவிட்டார் என்று. தாயின் பெயர் சீதாலட்சுமி. இப்ஸனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்த படிப்பாளி. மகனுக்கு அப்போது இன்னும் பத்து வயது நிரம்பவில்லை. பெயர் சந்திரசேகர்.

பத்து வருஷம் கழிந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துத் தேறிய சந்திரசேகருக்கு, இங்கிலாந்தில் படிக்க அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆனால் தாயாரோ தீராத நோயில் படுத்திருந்தார். போனால் திரும்பப் பார்ப்போமா என்பது நிச்சயமில்லை. போகாதே என்று சொல்ல உறவினர் இருந்தார்கள். போ என்று சொன்னவர் தாயார். கடல் கடந்து போன பிள்ளை என்ன ஆனான் என்ற செய்தியைத் தாமே வாசித்துச் சொன்ன அதே தாயார்!

1930 ஜூலை 31-ந் தேதி பம்பாயில் 'பில்ஸ்னா' கப்பல் புறப்பட்டது. சந்திரசேகருக்கு வயது பத்தொன்பது. அந்தக் கப்பலில் உட்கார்ந்து, நட்சத்திரங்களின் முடிவைப் பற்றி அவர் போட்ட கணக்குத்தான், ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து, 1983-ல், நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆராய்ச்சிக்கு அடிப்படை.

ஆகஸ்ட் 19-ந் தேதி லண்டன். அங்கே அவருக்காகக் காத்திருந்தது ஒரு தலைவலி. கேம்பிரிட்ஜில் இடம் இன்னும் உறுதியாகவில்லை என்றார்கள். யாரை நம்பி வந்தாரோ அந்தப் பேராசிரியர் ஃபௌலர் விடுமுறைக்கு அயர்லாந்துக்குப் போயிருந்தார். முன்பின் தெரியாத மகாநகரம், பத்தொன்பது வயது. அவர் அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. ஃபௌலருக்குக் கடிதம் எழுதினார். காரியம் முடிந்தது, டிரினிடி கல்லூரியில் இடம் கிடைத்தது. ராமானுஜன் இருந்த அதே கல்லூரி.

மறு வருஷம் மே மாதம் தாயார் காலமானார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். இதையும் சொல்லாமல் விட்டால் கதை முழுசாகாது. அனுப்பி வைக்கிற தாய்மார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பது போகிற பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

1936-ல் சந்திரசேகர் இந்தியாவுக்கு வந்தார். ராமானுஜனின் படம் ஒன்று வேண்டும் என்று பேராசிரியர் ஹார்டி சொல்லியனுப்பியிருந்தார். சந்திரசேகர் சென்னையில் ஜானகி அம்மாளைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்த அம்மாள் தையல் வேலை செய்து தம் காலில் நின்றவர். 1994 வரை வாழ்ந்தவர். அவர் எடுத்துக் கொடுத்தது ராமானுஜனின் பாஸ்போர்ட், அதிலிருந்த படம். இன்று நாம் பள்ளிக்கூடச் சுவரிலும் தபால் தலையிலும் பார்க்கிற ராமானுஜன் முகம் நமக்குக் கிடைத்தது இப்படித்தான். ஒரு பிள்ளை கேட்டது. ஒரு பெண்மணி பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார்.

பெட்டியின் கடைசி மூலை

இந்தக் காலத்து லண்டன் அந்தக் காலத்து லண்டன் அல்ல. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. புளி மட்டுமல்ல, முருங்கைக்காயே கிடைக்கும். ஹைகேட்டில் முருகன் கோயில் இருக்கிறது. பால் சம்பந்தப்பட்ட பொருள்களை இங்கிருந்து கொண்டுபோக அனுமதியில்லை என்பதால் நெய் டப்பாவையும் பால்கோவாவையும் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னேன். போய்ச் சேர்ந்த வாரமே பக்கத்திலுள்ள டாக்டரிடம் பெயரைப் பதிந்துகொள்ளும்படியும் சொன்னேன். காய்ச்சல் வந்த பிறகு அந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெண் மெதுவாக ஒன்று சொன்னாள்.

"சார், எனக்குக் கூச்சம் மட்டும் இல்லை. பத்திரம் பாங்கில இருக்குது. அங்க ஒரு கஷ்டம்னா, அதைச் சொல்லி இவங்களை எப்படிப் பயமுறுத்தறது? எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொல்லப்போறேன்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன்."

ரங்கூன் கணக்கு! நான் பதில் சொல்லத் தேடிக்கொண்டிருந்தபோது, இதுவரை அதிகம் பேசாத தாயார் குறுக்கிட்டார்.

"பத்திரம் போனா வூடுதான் போவும். நீ குளிர்ல கெடந்துட்டு, நல்லா இருக்கேன்னு சொன்னா எனக்கு என்னடி இருக்குது? எது இருந்தாலும் சொல்லணும். அங்க இருக்கறவங்களைக் கேக்கணும். அதுக்குச் சம்மதம்னா பெட்டியை மூடு."

பெண் உடனே பதில் சொல்லவில்லை. பாட்டி தம் மடியிலிருந்த கடைசிப் புளிப் பொட்டலத்தை நீட்டினார். அவள் அதை வாங்கிப் பெட்டியின் மூலையில் திணித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார், அந்தக் கட்டில்ல கம்பளிக்குள்ள எப்படிப் படுக்கறதுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். முதல் கேள்வியைக் கலவையிலேயே கேட்டுவிட்டாள். இனிப் பயமில்லை என்று எனக்குத் தோன்றியது.