மாதம் பத்து டொலர் இணையம்: டயல் அப் வாடிக்கையாளர் உண்மையில் செலுத்திய விலை

அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் 2025 செப்டெம்பர் 30 ஆம் திகதி தனது டயல் அப் இணையச் சேவையை நிறுத்திக்கொண்டது. அந்தச் சேவை அதுவரை இயங்கிக்கொண்டிருந்தது என்பதே பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. ஆனால் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பணியகத்தின் 2023 ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, டயல் அப் ஒன்றை மட்டுமே நம்பியிருந்த வீடுகள் ஒரு இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகம். அதிவேகக் கம்பி எட்டாத கிராமங்களில் இருப்பவர்களுக்கும், மாதக் கட்டணத்தில் ஐந்து டொலர் கூடினாலும் யோசிக்கவேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கும் இணையத்துக்குள் நுழைய அதுவே வழியாக இருந்தது.

இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் 'மலிவு விலை' டயல் அப் நிறுவனங்கள் வளர்ந்தன. 2001 இல் ஏ.ஓ.எல். மாதத்திற்கு 23.90 டொலர் அறவிட்டது. நெட்ஸீரோ போன்ற நிறுவனங்கள் 9.95 டொலருக்கு இணைப்புத் தந்தன. அரைவாசிக்கும் குறைந்த விலையில் அதே இணையம் எப்படிச் சாத்தியமானது? விலையின் ஒரு பகுதி வேறு இடங்களுக்கு நகர்த்தப்பட்டது என்பதே பதில். வாடிக்கையாளர் மிச்சம் பிடித்த பணத்தை நேரமாகவும் பொறுமையாகவும், சில வேளைகளில் தொலைபேசிப் பட்டியலிலும் செலுத்தினார்.

ஒரு கம்பி, ஒரு வேலை

டயல் அப் இணைப்பில் கணினியோடு பொருத்தப்பட்ட மொடம், வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாக நிறுவனத்தின் இலக்கமொன்றை அழைக்கும். மறுமுனையில் இன்னொரு மொடம் அழைப்பை ஏற்கும். இரண்டும் எந்த வேகத்தில் பேசுவது என்று தமக்குள் தீர்மானிக்கும்போது எழுந்ததுதான் அந்தக் கீச்சொலியும் இரைச்சலும்.

1998 இல் வந்த வி.90 தரநிலை விநாடிக்கு 56 கிலோபிட் வேகத்தைச் சாத்தியமாக்கியது. அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பியில் அனுப்பக்கூடிய மின்வலுவுக்கு விதிக்கப்பட்டிருந்த வரம்பினால் நடைமுறையில் உச்சம் 53 கிலோபிட்தான். கம்பி பழையதாகவோ தொலைபேசி நிலையம் தூரத்திலோ இருந்தால் வேகம் மேலும் குறையும். விநாடிக்கு 5 கிலோபைட் வந்து சேர்ந்தால், 5 மெகாபைட் அளவுள்ள பாட்டு ஒன்றை இறக்க 17 நிமிடம் வரை பிடிக்கும்.

அவ்வளவு நேரமும் வீட்டுத் தொலைபேசி வேலை செய்யாது. வேறு யாராவது பக்கத்து அறையில் ரிசீவரைத் தூக்கினாலே இணைப்பு அறுந்துவிடக்கூடும். அழைப்புக் காத்திருப்பு வசதி உள்ள இணைப்பில், இடையே வரும் அழைப்பின் 'பீப்' ஒலியும் அதே வேலையைச் செய்யும். இந்தக் குறைகள் மலிவு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. விலை கூடிய நிறுவனமும் அதே கம்பியைத்தான் பயன்படுத்தியது. மலிவின் வித்தியாசம் மறுமுனையில் இருந்தது.

பத்துப் பேருக்கு ஒரு மொடம்

எந்த டயல் அப் நிறுவனமும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு மொடம் வைத்திருக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்ற கணக்கில், சுமார் பத்துப் பேருக்கு ஒன்று என்பது அந்தத் தொழிலில் பரவலாக இருந்த அளவு. விலையைக் குறைக்க விரும்பும் நிறுவனத்துக்கு மிக இலகுவான வழி, அதே மொடத்தை இன்னும் கூடுதலான பேருக்குப் பங்கிடுவது. இதனால் பகல் நேரத்தில் ஒரு குறையும் தெரியாது. எல்லோரும் வேலை முடிந்து வீடு திரும்பும் மாலை நேரத்தில் அழைத்தால் மட்டும் 'டூ... டூ...' என்ற ஒலிதான் பதிலாக வரும்.

இந்தக் கணக்கு பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஏ.ஓ.எல்.லே உதாரணம். முன்பு 9.95 டொலருக்கு ஐந்து மணித்தியாலம், அதற்கு மேல் மணித்தியாலத்திற்கு 2.95 டொலர் என்று அறவிட்டு வந்த அந்த நிறுவனம், 1996 டிசெம்பரில் 19.95 டொலருக்கு வரையறையற்ற சேவையைத் தொடங்கியது. நேரத்துக்குக் கட்டணம் இல்லை என்றானதும் மக்கள் இணைப்பைத் துண்டிக்காமலே இருந்தார்கள். மற்றவர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. பல மாநிலங்களின் சட்டமா அதிபர்கள் தலையிட்டதை அடுத்து, 1997 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நிறுவனம் இணங்கியது.

ஒரு மொடத்தை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்ற எண்ணே சேவையின் தரத்தைப் பெரிதும் தீர்மானித்தது. அந்த எண் விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை. வாடிக்கையாளருக்குத் தெரிந்தது விலை மட்டுமே.

'இலவசம்' என்றால் யார் கொடுப்பது?

பத்து டொலருக்கும் கீழே போய், முற்றிலும் இலவசமாகவே இணையம் தந்தவர்களும் இருந்தார்கள். பிரித்தானியாவில் டிக்சன்ஸ் நிறுவனம் 1998 செப்டெம்பரில் ஃப்ரீசேர்வ் சேவையைத் தொடங்கியது. மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே உள்ளூர் அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் காசு. அந்த அழைப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு ஃப்ரீசேர்வுக்குப் போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளர் இணையத்துக்குப் பணம் கொடுக்கத்தான் செய்தார். அது தொலைபேசிப் பட்டியலுக்குள் மறைந்திருந்தது.

அமெரிக்காவில் உள்ளூர் அழைப்புகள் பெரும்பாலும் மாத வாடகைக்குள் அடங்கியதால் இந்த வழி அங்கு பலிக்கவில்லை. 1998 ஒக்டோபரில் தொடங்கிய நெட்ஸீரோ, திரையில் மூட முடியாத விளம்பரப் பட்டை ஒன்றை வைத்து அதன் வருமானத்தில் இயங்க முயன்றது. 2000 ஆம் ஆண்டில் இணைய விளம்பரச் சந்தை சரிந்ததும் அந்தக் கணக்கும் சரிந்தது. வரையறையற்றதாக இருந்த இலவச நேரம் மாதத்திற்கு 40 மணித்தியாலமாகவும், பின்னர் 10 மணித்தியாலமாகவும் குறைக்கப்பட்டது. மேலதிக நேரம் வேண்டியவர்கள் கட்டணச் சேவைக்கு மாறவேண்டியதாயிற்று.

இன்னொரு இலவச நிறுவனமான ஜூனோ, 2001 இல் தன் சேவை நிபந்தனைகளை மாற்றியது. வாடிக்கையாளரின் கணினி சும்மா இருக்கும் நேரத்தில் அதன் கணிப்புத் திறனை நிறுவனம் வேறு வேலைகளுக்குப் பயன்படுத்த அந்த நிபந்தனைகள் இடமளித்தன. கணினியை எப்போதும் இயங்கு நிலையில் விட்டுவைக்குமாறு கேட்கவும் அவற்றில் இடமிருந்தது. கடும் கண்டனம் எழுந்தது. நிபந்தனைகளை வாசிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்தியவர், தன் வீட்டு மின்சாரத்தில் இன்னொருவரின் வேலையைச் செய்து கொடுக்கச் சம்மதித்தவராகியிருந்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் ஜூனோவும் நெட்ஸீரோவும் ஒன்றிணைந்து யுனைட்டட் ஒன்லைன் ஆகின.

சிறிய எழுத்தில் இருந்தவை

விலை நகர்ந்த இடங்கள் இன்னும் சில உண்டு. முதலாவது, அழைக்கவேண்டிய இலக்கம். பெரிய நகரங்களில் நிறுவனத்துக்கு உள்ளூர் இலக்கம் இருக்கும். கிராமப்புற வாடிக்கையாளர் பக்கத்து ஊர் இலக்கத்தை அழைக்கவேண்டி வரலாம். பட்டியலில் அது 'அருகிலுள்ள இலக்கம்' என்றே காட்டப்பட்டாலும், தொலைபேசி நிறுவனம் அதை வெளியூர் அழைப்பாகக் கணக்கிட்டால் மாத முடிவில் பெருந்தொகை வரும். உள்ளூர் அழைப்புத்தானா என்று உறுதிசெய்வது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாவது, உதவி. மலிவு நிறுவனங்கள் தொலைபேசியில் உதவும் ஊழியர்களைக் குறைத்தே செலவை மிச்சம் பிடித்தன. மின்னஞ்சலில் உதவி இலவசம் என்பார்கள். இணைப்பே கிடைக்காதவர் மின்னஞ்சல் அனுப்புவது எப்படி?

மூன்றாவது, 'வேகமூட்டி'. 2003 இல் நெட்ஸீரோ ஐந்து மடங்கு வரை வேகம் என்ற வாக்குறுதியோடு, கூடிய விலைக்கு ஒரு சேவையை விற்றது. கம்பியின் வேகம் கூடவில்லை. படங்களும் எழுத்துகளும் நிறுவனத்தின் கணினியில் சுருக்கப்பட்டு அனுப்பப்பட்டன. அதனால் பக்கங்கள் விரைவாகத் திறந்தது உண்மை. படங்கள் மங்கலாக வந்தன. ஏற்கெனவே சுருக்கப்பட்டிருந்த பாட்டையோ மென்பொருளையோ இறக்க முன்பு எடுத்த அதே நேரமே எடுத்தது.

வெளியேறும் வாசல்

சேர்வதற்கு ஒரு குறுந்தட்டும் கடனட்டை இலக்கமும் போதும். விலகுவது அப்படியல்ல. இந்த விடயத்தில் விலை கூடிய நிறுவனமும் விலக்கல்ல. சேவையை நிறுத்த அழைத்தவர்களைத் தக்கவைக்கும் ஊழியர்களுக்கு ஏ.ஓ.எல். ஊக்கத்தொகை கொடுத்து வந்ததால், நிறுத்தும்படி கேட்டும் பலருடைய கணக்கு நிறுத்தப்படவில்லை. இது குறித்த விசாரணையை முடிவுக்குக் கொண்டுவர 2005 ஓகஸ்டில் அந்த நிறுவனம் நியூயோர்க் மாநிலத்துக்கு 12 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் செலுத்த உடன்பட்டது. அடுத்த ஆண்டு, கணக்கை நிறுத்தப் போராடிய ஒரு வாடிக்கையாளர் தன் உரையாடலைப் பதிவுசெய்து வெளியிட்டபோது, நாடே அதைக் கேட்டது. நிறுவனம் மன்னிப்புக் கோரியது.

மாதம் பத்து டொலர் சிறிய தொகைதான். அதனாலேயே பலர் கடனட்டைக் கணக்கில் அதைக் கவனிப்பதில்லை. கவனிக்கப்படாத சிறு தொகைகள் சேர்ந்தால் ஒரு நிறுவனத்துக்கு அதுவே நல்ல வருமானம்.

இன்று கேட்கவேண்டிய கேள்விகள்

இவ்வளவையும் சொன்ன பிறகு, மலிவு டயல் அப் ஒரு மோசடி என்று முடித்துவிடுவது நியாயமாகாது. மின்னஞ்சல் பார்க்கவும் வேலைக்கு விண்ணப்பிக்கவும் மட்டும் இணையம் வேண்டியிருந்த ஒருவருக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த விலை இல்லாவிட்டால் அவர் இணையத்துக்கு வந்திருக்கவே மாட்டார். எதை விட்டுக்கொடுத்து அந்த விலையைப் பெறுகிறார் என்பது அவருக்கு முன்கூட்டியே சொல்லப்படவில்லை என்பதுதான் பிரச்சினை.

கம்பி போய் கைத்தொலைபேசி வந்த பின்னும் அந்தக் கணக்கு மாறவில்லை. கைத்தொலைபேசிக் கோபுரத்தின் வேகத்தையும் அந்தப் பகுதியில் உள்ள எல்லோரும் பங்கிட்டே பயன்படுத்துகிறார்கள். 'வரையறையற்றது' என்ற டேட்டா பொதி, குறிப்பிட்ட அளவுக்குப் பின் வேகத்தைக் குறைக்கலாம். 'பெருந்தொகை' டேட்டாவில் பாதி, எல்லோரும் தூங்கும் நேரத்துக்கு மட்டும் உரியதாக இருக்கலாம்.

எனவே மலிவான இணைப்பொன்றை எடுக்கமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. மாலை ஏழு மணிக்கு இதன் வேகம் என்ன? எந்த அளவுக்குப் பிறகு வேகம் குறையும் அல்லது மேலதிகக் கட்டணம் வரும்? பழுது வந்தால் யாரிடம், எந்த வழியாகப் பேசுவது? வேண்டாம் என்றால் நிறுத்துவது எப்படி? முதல் கேள்விக்கு நிறுவனத்தை விட அதே ஒழுங்கையில் அதே இணைப்பை வைத்திருக்கும் அயலவரே சரியான பதிலைச் சொல்வார். மற்ற மூன்றுக்கும் கையொப்பமிட முன்பே எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.